உப்புப் போட்ட பூஜ்யம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு டிகிரி அக்கா என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். டீ கொடுத்தால் குடிக்க மாட்டாள். கோப்பையைத் தொட்டுப் பார்த்து, “அறுபது இருக்கும்” என்பாள். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. உறைந்துவிட்டால் அந்த மருந்து கெட்டது கெட்டதுதான். கெட்ட மருந்தைப் போட்டாலும் ஊசி வலிக்கும், பிள்ளை அழும், வீட்டுக்குப் போகும். நோய் வந்தால் மட்டும் தடுக்காது. யாருக்கும் தெரியாமல் நடக்கும் கொடுமை அது.

பெட்டிக்குள் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வெகுகாலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் புதிதாக டிஜிட்டல் ஒன்று வந்தது. கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து பார்க்கலாம். பளிச்சென்று சிவப்பு எண்கள். மாட்டிய அன்றே அது எட்டைத் தாண்டிக் காட்டியது.

“ஐயையோ, உடனே கூலிங்கை ஏத்துங்கக்கா” என்று டாக்டரம்மா பதறினார்.

அவள் பெட்டியின் குளிரைக் கூட்டும் திருகைத் திருப்பினாள். புதியது சமர்த்தாக நான்குக்கு இறங்கி வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. பழையதை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. டிகிரி அக்காவே சிவப்பு எண்களில் மயங்கித்தான் போயிருந்தாள்.

இன்று காலை பெட்டியைத் துடைக்கும்போதுதான் பழையது கண்ணில் பட்டது. பூஜ்யம் காட்டியது. வெளியே நான்கு, உள்ளே பூஜ்யம். ஒரே பெட்டி, இரண்டு பேச்சு.

மறுநாள் தடுப்பூசி நாள். அவளுடைய நாத்தனாரும் கைக்குழந்தையோடு வருகிறாள். புதிதாக வந்த மருந்தில் ஒரு டப்பாவைப் பொறுக்கி, மூடியில் பென்சிலால் புள்ளி வைத்து, குளிர் நன்றாகப் படும் கடைசி வரிசையில், உள்சுவரை ஒட்டி வைத்திருந்தாள். நம் வீட்டுப் பிள்ளை என்று வந்துவிட்டால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

இரண்டில் எது பொய் சொல்கிறது? இதற்குப் பஞ்சாயத்து எல்லாம் வேண்டாம், ஐஸ் போதும். ஐஸும் அது உருகிய தண்ணீரும் ஒன்றாக இருக்கும் சூட்டுக்குத்தான் பூஜ்யம் என்று பெயர். அதற்குள் வைத்தால் நல்ல தெர்மாமீட்டர் பூஜ்யம் காட்டியே தீர வேண்டும். அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

“என்னங்க, மத்தியானம் இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் ஐஸ் வாங்கிட்டு வாங்க. உடைச்சதா இருந்தா நல்லது.”

“ஜூஸ் போடப் போறியா?”

“ஆமா, தெர்மாமீட்டர் ஜூஸ்.”

அவன் பை நிறையக் கொண்டுவந்தான். எவர்சில்வர் வாளியில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பழையதையும் புதியதன் வயர் முனையையும் முக்கினாள். காத்திருந்தார்கள். புதியது பூஜ்யம் என்றது. பழையது பூஜ்யத்துக்குக் கீழே நான்கு கோடு இறங்கி நின்றது.

“பாத்தியா, பழசு மண்டையைப் போட்டுடுச்சு. இதுக்குப் போய் காலையிலேர்ந்து சாப்பிடாம இருக்கே” என்றான் கணவன்.

அவளுக்கு உயிர் வந்தது. பெட்டி நான்கில்தான் இருக்கிறது, மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்தபடி வாளியை நகர்த்தக் கை வைத்தவள், அப்படியே நின்றாள். விரல் லேசாக ஒட்டிக்கொண்டது. வாளியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

ஐஸ் தண்ணீர் வைத்த பாத்திரம் வெளியே வியர்க்கும், துளித்துளியாக வழியும். அந்தத் துளி எப்போதாவது உறைந்து பார்த்திருக்கிறோமா? உறைய வேண்டுமென்றால் வாளி பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும். வெறும் ஐஸும் தண்ணீரும் அப்படிப் போகாதே! அவள் விரலை வாளிக்குள் விட்டு நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.

“என்னங்க, இந்த ஐஸ் எங்க வாங்கினீங்க?”

“மீன் கடையிலதான். நம்ம ஆளு. ஜில்லு சீக்கிரம் குறையாதுன்னு சொல்லி, ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டு நல்லா கலந்து குடுத்தாரு. உப்புக்குக் காசுகூட வாங்கல” என்றான் அவன் பெருமையாக.

அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் கீழே இறங்கும். ஃபாரன்ஹீட் அளவில் பூஜ்யத்தை இப்படி உப்பு கலந்த ஐஸில்தான் வைத்தார்கள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அதனால்தான் அதில் வெறும் ஐஸுக்கு முப்பத்திரண்டு. பூஜ்யம் என்பது மனிதர்கள் பார்த்து ஓர் இடத்தில் நட்ட கல். மீன்கடைக்காரர் அதை இரண்டு கை உப்பால் நகர்த்திவிட்டார்.

அப்படியானால் கீழே நான்கு என்ற பழையதுதான் உண்மை பேசியதா?

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி, ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் வைத்தாள். சாயங்காலம் அதை உடைத்து, கழுவித் துடைத்த வாளியில் போட்டு மறுபடி முக்கினாள். வாளி இப்போது வெளியே வியர்த்தது, பனி பூக்கவில்லை. பழையது பூஜ்யத்தில் ஆணியடித்தாற்போல் நின்றது. புதியது நான்கு என்றது.

பெட்டி ஒரு வாரமாகப் பூஜ்யத்தில் கிடக்கிறது. திருகைத் திருப்பியது இந்தக் கைதான்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் போன்.

“அண்ணி, நாளைக்கு எப்ப வரட்டும்? சீக்கிரம் வந்தா கூட்டம் இருக்காதுல்ல?”

வாய் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. சிவப்பு எண்கள் சமர்த்தாக நான்கு என்கின்றன.

“வாடி. ஆனா நான் சொல்ற வரைக்கும் ஊசி போட விடாதே.”

போனை வைத்துவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். வேலைக்கு வேட்டு வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கூலிங்கை ஏத்தச் சொன்னது நான்தானே, நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா தெர்மாமீட்டர் அது தொங்குற இடத்தைத்தான் சொல்லும். மருந்து உறைஞ்சுதான்னு மருந்தைத்தான் கேக்கணும். ஒரு குப்பியை வேணும்னே ஃப்ரீசர்ல போடுங்க. காலையில உருக்கி, அதோட மத்ததையும் குலுக்கிப் பாப்போம். உறைஞ்சது சீக்கிரம் அடியில படியும்.”

காலையில் திட்டமிட்டுக் கெடுத்த குப்பியை நடுவில் வைத்தார்கள். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒன்று எடுத்து, ஒன்றாகக் குலுக்கி, மேஜையில் நிறுத்தினார்கள். எல்லாம் பால் கலந்த தண்ணீர் போல ஒரே மாதிரி இருந்தன. நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

கெடுத்த குப்பி முதலில் தெளிந்தது. மேலே தண்ணீர், அடியில் மாவு. முன்வரிசை அசையவில்லை. நடுவரிசையும் கலங்கலாகவே நின்றது. டிகிரி அக்கா மூச்சு விட்டாள்.

அப்போது ஓரத்தில் இருந்த ஒன்று மெல்லத் தெளிய ஆரம்பித்தது. மேலே கண்ணாடி போலத் தண்ணீர், அடியில் வெள்ளை மாவு. அது கடைசி வரிசைக் குப்பி. அதன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். மூடியில் பென்சில் புள்ளி இருந்தது.

“அண்ணி, நம்ம பாப்பாவுக்குன்னு எடுத்து வச்சீங்களே, அது எது?” என்று நாத்தனார் வாசலிலிருந்து கேட்டாள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. டப்பாவைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“அது வேண்டாம்டி. எல்லாப் பிள்ளைக்கும் போடுறதுலயே போட்டுக்கலாம், வா.”