வடக்கு மூலைக்கு உரிமைக்காரன்

தலைவர் கண்மூடிய நாளிலிருந்து நூறு இரவுகள் பவளத்திட்டில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. தடைக்கு அடையாளமாகக் கடலில் நட்ட கம்பில் தென்னங்குருத்து கட்டியிருந்தது. காவல் இருந்தவள் செனிமிலி, இறந்துபோன தலைவரின் மூத்த மகள். அவள் வாய்க்குப் பயந்தே ஊர் ஆண்கள் தூண்டிலைக் கூரையில் செருகிவிட்டார்கள்.

அவளுக்கு ஒரே ஆசை. நூறு முடிந்த பிறகும் திட்டின் வடக்கு மூலையை மட்டும் மூடியே வைக்க வேண்டும். களவா மீன்கள் கூடி முட்டையிடுவது அங்கேதான். ஊர்க்கூட்டத்தில் இரண்டு முறை கேட்டாள். புதிய தலைவரான சித்தப்பா இரண்டு முறையும் கையை விரித்தார்.

"நூறுன்னா நூறுதாம்மா. சனங்க நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. எதச் சொல்லித் தடுக்கறது?"

அறுபதாம் நாள் காலை, பக்கத்துத் தீவிலிருந்து அபாகுகி பெரிய வலையோடு படகில் வந்து இறங்கினான். அவன் தௌவு முறை. இரண்டு தீவுகளின் ஆதி தெய்வங்களும் அண்ணன் தம்பி; அதனால் தௌவு கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது, கோபமும் படக் கூடாது. போன வருடம் செனிமிலியின் கொழுத்த பன்றியை அவள் கண்ணெதிரே ஓட்டிக்கொண்டு போனவன் அவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

"என்ன தௌவு, மீனெல்லாம் கொழுத்துக் கெடக்காமே? ரெண்டு வீச்சு வீசிட்டுப் போறேன்."

செனிமிலி அவன் வலையைப் பார்த்தாள். இன்று இவன் வீசினால் நாளைக்கு ஊரே வீசும்.

"வீசேன், யாரு வேணாம்னா?" என்றாள். "கேக்கற உரிமை எனக்கும் உண்டுல்ல? அந்த வலை நல்லாருக்கு. எனக்கு வேணும்."

திறந்த வாய் மூடாமல் வலையைக் கொடுத்தான். தூண்டிலை எடுத்தான், அதையும் கேட்டாள். ஈட்டியும் போனது.

"அடிப்பாவி, கையாலயே புடிக்கறேன் பாரு!" என்று இடுப்புத்துணியை மடித்துக் கட்டினான்.

"அந்தத் துணிகூட எனக்குப் புடிச்ச நெறம்தான்."

கரையே விழுந்து விழுந்து சிரித்தது. அபாகுகி துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். "ஆள விடு தாயே, நான் ஊருக்கே போறேன்."

"போயேன். படகு எஞ்சினை மட்டும் வெச்சுட்டுப் போ. என் பன்றி ஞாபகம் இருக்கா?"

இப்படித்தான் நாற்பது நாள் விருந்தாளி ஆனான். அவள் வீட்டு மரவள்ளியைத் தின்றுவிட்டு, வேலைவெட்டி இல்லாமல் வடக்கு மூலையில் மூழ்கி மூழ்கிப் பார்த்தான். ஒருநாள் களவாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. அன்று அவன் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான், சாப்பிடவே வரவில்லை.

நூறு முடிந்தது. கரையில் மண்ணடுப்பு புகைந்தது. வலைகளோடு ஊரே நின்றது. சித்தப்பா குருத்தை அவிழ்த்துவிட்டு, "போங்க" என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம் பெரியவரே!" அபாகுகி முன்னால் வந்தான். "நான் கேட்டது எதுவும் இன்னும் என் கைக்கு வரல. தௌவா கேக்கறேன், வடக்கு மூலை எனக்கு வேணும்."

"வலை போடவா?"

"போடுவேன், போடாமயும் இருப்பேன். என் மூலை! என்னைக் கேக்காம ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது."

சித்தப்பா செனிமிலியைப் பார்த்தார். அவளும் விழித்துக்கொண்டுதான் நின்றாள். மறுக்கவும் முடியாது, கோபிக்கவும் முடியாது. முதலில் சிரித்தவர் சித்தப்பாதான். "எடுத்துத் தொலடா, திருட்டுப் பயலே!"

அவிழ்த்த குருத்தை வாங்கி அபாகுகி வடக்கு மூலையில் கட்டிவிட்டு வந்தான். செனிமிலிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. எஞ்சினைத் தானே தோளில் சுமந்து வந்து படகில் வைத்தாள்.

"வருஷா வருஷம் வந்து உன் மூலையப் பாத்துட்டுப் போகணும். தௌவா கேக்கறேன்," என்றாள்.

அதை அவனாலும் மறுக்க முடியாது.