மூச்சு விடாமல் ஒரு கவிதை

ஸ்டுடியோவில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அடுத்தவர் பேச்சில் வரும் இருமல், தடுமாற்றம், நாற்காலியின் கிரீச் எல்லாவற்றையும் வெட்டி எறிவது என் வேலை. வாயும் கொஞ்சம் அப்படித்தான்.

அன்று வாசிக்க வந்தவர் ஒரு நர்ஸ். அவசரப் பிரிவில் வேலை, கிடைத்த நேரத்தில் கவிதை. அவருடைய தொகுப்பை ஒலிப்புத்தகமாகக் கொண்டுவர நினைத்த பதிப்பாளர், விளம்பரங்களுக்குப் பேசும் ஒரு தேன்குரல்காரியை வைத்துப் படிக்கலாம் என்றார். நர்ஸக்காவின் குரல் கரகரவென்று இருக்கிறதாம். 'பெண்ணின் குரல்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுவாராம், எழுதினவள் குரல் மட்டும் வேண்டாமாம். நான் போட்ட சண்டையில்தான் அக்காவே வாசிப்பது என்று முடிவானது.

பதிப்பாளர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காவோடு வீட்டுக்காரரும் வந்திருந்தார். பார்த்தால் தங்கமான மனிதர். மனைவியின் தண்ணீர் பாட்டிலைச் சுமந்து வந்தார், என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா' போட்டுப் பேசினார்.

அக்காவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒரு தொழில் ரகசியம் சொன்னேன். வரி முடிகிற இடத்தில் நன்றாக மூச்சு விடுங்கள், அந்த இடைவெளியில்தான் நான் வெட்டி ஒட்டுவேன், மூச்சு விடாமல் படித்தால் எனக்குக் கை வைக்க இடமிருக்காது என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

'கதவு' என்ற கவிதை வந்தது.

"கதவில் இடித்துக்கொண்டேன் என்று
எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.
எங்கள் வீட்டுக் கதவுக்கு
ஐந்து விரல்கள்."

அவசரப் பிரிவுக்குக் காயத்தோடு வந்த எத்தனை பெண்கள், காரணம் 'கதவு' என்று அக்காவிடமே எழுதச் சொல்லியிருப்பார்களோ. மைக்கை விட்டு விலகிவிட்டீர்கள், இன்னொரு தடவை படியுங்கள் என்று, உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்திச் சொன்னேன். சொல்லிவிட்டு அணைக்க மறந்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்புதான். அந்தப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தால் வெளியே பேசுவது முழுக்க உள்ளே இருப்பவரின் ஹெட்போனில் விழும்.

வீட்டுக்காரர் பதிப்பாளர் பக்கம் சாய்ந்தார்.

"அந்த விரல் சமாச்சாரத்த மட்டும் எடுத்துடுங்க சார். நாலு பேர் கேப்பாங்க. கதவோட நிக்கட்டும்."

பதிப்பாளர் யோசிக்கக்கூட இல்லை. "நிறுத்திடலாம், பூடகமா இருக்கும். இப்ப அவங்ககிட்ட சொல்ல வேணாம். அப்புறம் இந்தப் பொண்ணு வெட்டிடும்."

இந்தப் பொண்ணு. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எரியும் பொத்தான் என் கண்ணில் பட்டது. அணைக்கக் கை போனது. எதற்கு அணைக்க வேண்டும்? கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வீட்ல போய் அவகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார் தங்கமான மனிதர்.

அக்கா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தயார் என்று கைகாட்டினார். பதிவை ஓடவிட்டேன்.

"ஐந்து விரல் முளைத்த எங்கள் வீட்டுக் கதவில்தான் இடித்துக்கொண்டேன் என்று இத்தனை நாள் சொல்லாத நான் அந்தக் கதவே சட்டை மாட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து தன் விரல்களை வெட்டச் சொல்வதைக் கேட்டபடி இப்போது சொல்கிறேன்."

ஒரே மூச்சு. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. பதிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. எப்படியாவது பார்த்துச் செய் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"வெட்ட இடமில்ல சார்," என்றேன். "அவங்க மூச்சே விடல."

வீட்டுக்காரர் விடுவிடுவென்று போய்க் கண்ணாடி அறையின் கதவைத் தள்ளித் திறந்தார். குரல் என்னவோ தணிவாகத்தான் இருந்தது. எழுந்து வா, வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

"இங்கயே பேசுங்க. நாலு பேர் கேக்கட்டும்."

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அதையும் நான் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.