கட்டாத உலையின் கட்டுப்பாட்டு அறை

1

இந்தக் கதை ஓரின் ஹால்டர்சனுடையது. பௌலிங் கூடத்தில் அவன் பந்து வீசப் போன நேரத்தில் நான் எடுத்துக்கொண்டேன். "ரெண்டு வருஷமா அந்த அணு உலைய ஒரு கோளாறு இல்லாம ஓட்டுறேன். ஒரே குறை, உலையத்தான் இன்னும் கட்டல" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை என்பது, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வயோமிங்கின் குளிர்காற்று, மூடிய மின்நிலையத்தின் புகைபோக்கியைச் சுற்றி ஒப்பாரி..."

வேண்டாம். இங்கே காற்று ஒப்பாரி வைப்பதில்லை. லாரியைக் கவிழ்க்கும்.

2

நேராகவே சொல்கிறேன். எங்கள் ஊர் சேஜ் ஃபோர்க்கில் நிலக்கரி மின்நிலையத்தை மூடியதும், அதே இடத்தில் புது வகை அணு உலை கட்டுவதாக ஒரு கம்பெனி வந்தது. உலை எழும்போது அதை இயக்க ஆட்கள் தயாராக இருக்க வேண்டுமாம். அதனால் கட்டுப்பாட்டு அறையின் நகலை முதலில் கட்டி, ஓரின் மாதிரிப் பழைய நிலைய ஆட்களை அதில் பயிற்சிக்கு உட்காரவைத்தார்கள். திரை, பொத்தான், அபாய மணி எல்லாம் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம்.

அந்த அறையில் உத்தரவைக் கேட்டதும் செய்துவிடக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உத்தரவிட்டவர் "சரி" என்ற பிறகே கை நீளலாம்.

(இதை நினைவில் வையுங்கள். சாமர்த்தியமாக ஒளித்துவைக்கப் பார்த்தேன், வரவில்லை.)

அந்தப் பழக்கம் ஓரின் வீட்டுக்கும் வந்தது.

"அந்த உப்ப எடு" என்பாள் அவன் மனைவி லவோன்.

"அந்த உப்ப எடுக்குறேன்."

"சரி, எடுத்துத் தொலை. உருளைக்கிழங்கு ஒண்ணும் வெடிச்சிடாது."

3

உலை தள்ளிப்போனது. முதலில் அனுமதி இழுத்தது. பிறகு எரிபொருள், அதை விற்கிற நாட்டோடு பகை. பிறகு செலவு எகிறியது. அரசாங்கம் முதலில் போடட்டும் என்றார்கள் முதலீட்டாளர்கள். அவர்கள் போடட்டும் என்றது அரசாங்கம்.

[இங்கே மூன்று பக்கம் விளக்கம் இருந்தது. போன வாரம் லவோனிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"இதுல யாராவது சாகுறாங்களா?"

"இல்ல."

"ஊர் சாகுதுன்னு ஒரு வரி போடு. மிச்சத்தக் கிழிச்சிடு."

கிழித்துவிட்டேன்.]

இதற்கிடையே பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் ஓர் எரிவாயு மின்நிலையம் ஓரினை வேலைக்குக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். ஐம்பத்தாறு வயதுக்காரனை இன்னொரு முறை யாரும் கூப்பிடப்போவதில்லை. லவோன் ஒரு வருஷமாகவே போகலாம் என்கிறாள். உலை வந்துவிடும் என்கிறான் ஓரின்.

4

நேற்று பயிற்சி ஆசிரியை டெல்ஃபீன் ரஸ்க், கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"பெரிய முதலீட்டாளர் விலகிட்டார். 'தற்காலிக நிறுத்தம்'னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"நிலக்கரிய மூடுறப்பவும் அதையேதான் சொன்னாங்க, மேடம்."

அவர் திரைப் பக்கம் திரும்பினார். "ஓரின், உலைய நிறுத்துங்க."

"உலைய நிறுத்துறேன்."

"சரி."

நிறுத்தினான். எண்கள் அழகாக, படிப்படியாக இறங்கின. எல்லாம் சரியாகச் செய்தான். வெளியே ஒன்றும் அணையவில்லை.

5

முடிவு ஒன்று: புதுப் பணக்காரர் ஒருவர் வந்து (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: ஓரின் அந்த நகல் அறையில் தனியாக உட்கார்ந்து (இது மலிவு. தவிர, சாவியை வாங்கிக்கொண்டார்கள்.)

6

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் அங்கே இல்லை, ஓரின் சொன்னான்.

வீட்டுக்குப் போய், பூட்ஸோடு சமையலறையில் நின்றானாம். லவோனுக்கு அதற்குள் ஊர் மூலம் தெரிந்துவிட்டது.

"ஓரின், நாம கெளம்புறோம்."

அவன் இந்த முறை வாதாடவில்லை.

"நாம கெளம்புறோம்."

ஒரு வருஷமாக அவள் எதிர்பார்த்த பதில் அது. இனி அவள் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள், ஜன்னல் பக்கம் பார்த்தாள், அடுப்பில் இல்லாத எதையோ கிளறினாள்.

ஓரின் காத்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஒரு சொல் இல்லாமல் கையை நீட்ட அவனுக்குப் பழக்கமில்லை. எழுத எனக்கும் தைரியமில்லை.

இன்று வியாழன். நீங்கள் சொல்கிறீர்களா?