இரண்டு மீஸான் கற்கள்

மாம்புரிக்கு வடக்கே கிடக்கும் கரும்பாறையை ஒரு குடம் தண்ணீரால் பிளந்தவர் தான்தான் என்பார் அத்தாஉல்லா நானா. உளியில்லை, வெடியில்லை. பிளந்த சத்தத்தில் கற்பிட்டிக் கோட்டை ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்ததாம். நுரைச்சோலைக் காற்றாடிகள் தன் தும்மலில்தான் முதன்முதல் சுற்றின என்று சொல்லும் மனிதரை எவன் நம்புவான்? உப்பளக் கங்காணி வேலையில் ஓய்வு பெற்றபின் அவருடைய வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. பக்கத்து வளவு நிக்கொலஸ், கிழிந்த வலை பொத்தியபடி, சிரிப்பதற்கென்றே கேட்பான்.

யுத்தம் முடிந்த பிறகு ஆய்வுக்காரர் இருவர் வந்தார்கள். பாறையில் வரிசையாக இருந்த குழிகளைப் பார்த்து, ஆதிமனிதர் ஈமச்சின்னங்களுக்குக் கல் எடுத்த இடம் என்றார் மூத்தவர். உப்புக்காற்று தின்ற குழிகள் என்றார் இளையவர். சண்டை கடிக்க வந்த நுளம்புக்கும் சலித்துப்போனது. பாறையடி மணலில் நட்டிருந்த இரண்டு பலகைக் கற்களைக் கண்டதும் இருவரும் ஒன்றானார்கள்: தோண்டினால் தெரிந்துவிடும். தோண்ட நிக்கொலஸைப் பிடித்தார்கள்.

கேள்விப்பட்டு ஓடிவந்த நானா, சோடனை எதுவுமில்லாமல் பேசினார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வரும்போது வள்ளத்திலேயே பிறந்து, கரை தொடுமுன் மௌத்தான மகளை அங்கேதான் அடக்கினாராம். கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட மீஸான் கல் வேண்டும். ஆளறியாத ஊரில் யாரிடம் கேட்பது? பாறையில் ஏற்கெனவே இருந்த குழிகளில் காய்ந்த கட்டைகளை அடித்திறக்கி, தண்ணீர் ஊற்றி ஊதவைத்துப் பிளந்தாராம்.

மூத்தவர் நிக்கொலஸைப் பார்த்தார்.

"நானாட கதைய நம்பினா கடலுக்கு மேலால நடந்தே இந்தியா போகலாம் சேர்."

எல்லாரும் சிரித்தார்கள். நானாவும் பழக்கத்தில் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இண்டைக்கி மட்டும் நம்புங்க நிக்கொலஸ். என்ட புள்ளயக் கிண்டாதீங்க."

நிக்கொலஸ் மண்வெட்டியால் வெட்டத் தொடங்கினான். நானா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

தாழியில்லை, மணியில்லை. மட்கி நூலான வெள்ளைத் துணி வந்தது. அதற்குள் கைக்கடக்கமான எலும்புகள், வலப்பக்கம் சரித்து, முகம் மேற்கே பார்க்க வைத்தபடி. நிக்கொலஸ் எத்தனையோ முஸ்லிம் ஜனாஸா அடக்கங்களுக்குப் போனவன். அவனுடைய வேதக்கார ஆட்கள் மல்லாத்தித்தான் கிடத்துவார்கள்.

குழிக்குள் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் மணலைத் திரும்பத் தள்ளத் தொடங்கினான். என்ன கண்டாய் என்று மேலிருந்து கேட்டார்கள். அவனால் நானாவின் முதுகை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஓம் சேர், நடந்திருக்கு. நானா சொன்னது அப்பிடியே நடந்திருக்கு."