போத்தலில் ஒரு துண்டு, கொழும்பில் ஒரு துண்டு

இந்தக் காலத்து ஆட்கள் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, விஷயத்தைப் பிறகுதான் சொல்கிறார்கள். பாண் வாங்கப் போனாலும் விலை கேட்காமல் கடைக்குள் கால் வைக்காத மனிசன் சாஹுல் ஹமீது. அவரே கொழும்பு ஆஸ்பத்திரியில் ஏமாந்து போனார். குடலில் கட்டி, நாளைக்கு ஒபரேஷன் என்று சொல்லி ஆறு கடுதாசி நீட்டினார்கள். பயத்தில் ஆறிலும் பெருவிரலை வைத்தார். வெட்டி எடுப்பதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம் என்று ஐந்தாவதில் எழுதியிருந்ததை, சொந்த ஊர் குறிஞ்சிப்பிட்டிக்குத் திரும்பி வந்த பிறகுதான் மருமகன் வாசித்துச் சொன்னான்.

வெட்டின நகத்தையே மண்ணில் புதைக்கிறவர் அவர். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்து, "என்ட இறைச்சி எனக்கு வேணும்" என்று ஏசினார்.

அதனால்தான் இன்றைக்கு ஷிஹாரா வந்திருக்கிறாள். தில்லையடி ஊர்ப் பிள்ளை, கொழும்பு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. முருங்கை மரத்தடியில் புதைக்கக் குழி தயாராக இருந்தது. சாஹுல் ஹமீதின் மனைவி ஜெய்னம்பு வெள்ளைச் சீலையில் ஒரு துண்டும் கிழித்து வைத்திருந்தாள்.

ஷிஹாரா சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இவ்வளவுதானா?"

"மிச்சம் கொழும்புல வளருது, சாச்சா. வேணாமெண்டா சொல்லுங்க, அதையும் அழிச்சிடுவம். ஒங்கட முடிவுதான்."

வளருதா? கதிரையை முன்னுக்கு இழுத்தார். அவள் லெப்டொப்பைத் திறந்தாள். பாயாசத்தில் சவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ தெரிந்தது.

"இது நானா?"

"ஒங்கட கட்டியில இருந்து வந்தது. உசிரோட இரிக்கிது. நாங்கதான் கண்ணாடித் தட்டுல வச்சுத் தீனி போடுறம்."

"நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் இது இரிக்குமா?"

"இருக்கலாம், சாச்சா."

"இவர் வீட்டுல ஒரு நாள் சொல்லுக் கேட்டதில்ல," என்றாள் ஜெய்னம்பு, குசினி வாசலில் நின்று. "தட்டுக்குள்ளயாச்சும் அடங்கி இரிக்குதா, மகள்?"

ஷிஹாரா வாயைப் பொத்திச் சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. கண் திரையிலேயே கிடந்தது. "எல்லா இறைச்சியும் இப்பிடி வளருமா?"

"இல்ல. கட்டியில கனக்க உயிரணு கொஞ்ச நாள்ல செத்துப் போகும். சிலதுதான் தாய் மாதிரி, திரும்பத் திரும்பப் புதுசா உண்டாக்கும். குருத்தணு எண்டு சொல்லுற. மருந்துக்குத் தப்பி ஒளிச்சிருந்து நோயத் திரும்பக் கொண்டுவாறதும் அதுதான்."

"தாய் இறால்," என்றார் சட்டென்று. இருபத்திரண்டு வருஷம் இறால் பண்ணையில் குளம் பார்த்தவர்.

"அதேதான்! ஒவ்வொரு தட்டுலயும் ஒவ்வொரு மருந்து ஊத்திப் பாக்கிறம். எது அந்தத் தாயக் கொல்லுதுண்டு தெரிஞ்சா, பொறகு வாற நோயாளிக்கு உதவும். ஒங்களுக்குத் தாற மருந்து இதால மாறாது, பொய் சொல்ல மாட்டன்."

பொய் சொல்ல மாட்டேன் என்றது அவருக்குப் பிடித்தது. தட்டில் மருந்து ஊற்றிப் பார்க்கிற கதை பிடிக்கவில்லை.

"நாங்களும் அப்பிடித்தான் பாத்த. குளத்துத் தண்ணிய பேசன்ல எடுத்து, அம்பது குஞ்ச விட்டு, விடிஞ்சாப் பாப்பம். உசிரோட இருந்தா மத்ததக் குளத்துல விடுற. ஒருக்கா அம்பதும் நல்லா நீந்திச்சு. முதலாளி ரெண்டு லட்சம் குஞ்ச விட்டார். ஒம்பதாம் நாள் எல்லாம் கரையில செத்துக் கிடந்திச்சு."

"ஏன் சாச்சா?"

"பேசனுக்குள்ள சேறு இல்லயே, மகள். பக்கத்துக் குளத்துல நோய் வந்து செத்த இறாலக் கொண்டுவந்து போடுற காகமும் இல்ல. ஒங்கட தட்டுல என்ட ரத்தம் ஓடுதா? ஈரல் இரிக்கா?"

 "இல்ல," என்றாள் ஷிஹாரா. "அதுதான் எங்களுக்கும் பெரிய தலையிடி. பக்கத்துல இருக்கிற மத்த அணுக்களையும் சேத்து வளக்கப் பாக்கிறம். இன்னும் சரிவரல்ல."

"அப்ப சேத்தையும் போட்டு வளங்க."

போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெளிறிப்போன ஒரு துண்டு அசையாமல் கிடந்தது. திரையைப் பார்த்தார். இது செத்தது, இது என்னுடையது. அது? அதற்குத் தீனி போட்டது நானில்லையே.

"கொழும்புல இரிக்கிறது இரிக்கட்டும். ஆனா அந்தக் கடுதாசிய இப்ப வாசிங்க. முழுக்க. பொறகுதான் விரல்."

அவள் இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். எட்டு இடத்தில் மறித்துக் கேட்டார். கடைசியில் பெருவிரலை மையில் அழுத்திக் கடுதாசியில் வைத்தார்.

"எந்த மருந்துக்குச் சாகுதுண்டு வந்து சொல்லணும்."

"சொல்லுறன், சாச்சா. அப்ப எங்களக் கொஞ்சம் நம்புறீங்க?"

"பேசனுக்குள்ள எல்லாம் நல்லாத்தான் நீந்தும், மகள்," என்று சொல்லிவிட்டு, போத்தலையும் சீலைத் துண்டையும் ஒரு கையிலும் மண்வெட்டியை மறு கையிலுமாக எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முருங்கை மரத்தடிக்கு நடந்தார்.