அன்புல்ல

கார் கழிந்து கூதிர் வந்திருந்தது. பெய்து ஓய்ந்த வானம் வெளுக்க மனமின்றிச் சாம்பல் பூசிய முகத்தோடு கூரைகளின்மேல் கவிழ்ந்து கிடந்தது. வாடைக்காற்று கதவிடுக்கில் நுழைந்து, கொடியில் மூன்று நாளாய் உலராத துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. பகலுக்கும் அந்திக்கும் வேற்றுமை தெரியாத அந்நாள்களில் அந்த வீடும் வாயடைத்துக் கிடந்தது. வீட்டுக்காரி மருத்துவமனைக்குப் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

அவள் கணவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அச்சேறும் தாள்களைப் படித்துச் சிவப்புப் பேனாவால் பிழை களைவது அவருக்கு இருபது ஆண்டுத் தொழில். மருத்துவமனையில் அவள் கிடந்த பிரிவுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அம்மா எப்போது வருவாள் என்று ஐந்து வயதுச் சின்னவள் நச்சரித்தாள். ஒன்பது வயது மூத்தவளோ கேட்பதையே விட்டுவிட்டாள். சோற்றையும் பாதியில் விட்டு எழுந்தாள். அதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறன்று வெறும் செருப்புப் பெட்டி ஒன்றுக்குச் சிவப்புத் தாள் ஒட்டி, கை நுழையுமளவு வாய் கீறி, வீட்டுக் கூடத்துச் சுவரில் சின்னவளுக்கு எட்டும் உயரத்தில் மாட்டினார். தபால் பெட்டியாம், காலைதோறும் ஏதாவது வருமாம். முதல் நாள் இரண்டு பென்சில் வந்தன. மறுநாள் காகிதப் பறவை. அதற்கடுத்த நாள் நிலாப்போல் ஒரு பொத்தான். சின்னவள் வாயில் பற்பசை நுரையோடே பெட்டிக்கு ஓடினாள். தபால்காரரை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்றாள். அவருக்குக் கண்ணாடி உண்டு, காலையில் தோசையைக் கருக்குவார் என்று அடையாளம் சொன்னாள் மூத்தவள். பெண் தம்மை வாரியதில் அவருக்கு உயிர் வந்தது.

அந்தத் துணிவில், மனைவியின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டார்.

மூத்தவள் தங்கைக்கு அதைச் சிரித்த முகத்தோடு படித்துக் காட்டினாள். பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தகப்பனிடம் வந்து நின்றாள்.

“அம்மா செத்துட்டாங்களாப்பா?”

அவர் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது.

“‘அன்புள்ள’ன்னு சரியா எழுதியிருக்கு. அம்மாவுக்கு அது வராது. இது நீங்க எழுதினது.”

ல எங்கே, ள எங்கே என்று அவர் மனைவிக்கு என்றும் தடுமாற்றந்தான். மணமான புதிதில் ‘அன்புல்ல’ என்று அவள் எழுதிய கடிதத்தைச் சிவப்பால் திருத்தி, ‘அன்பு இல்லேன்னு எழுதியிருக்கியே தாயே’ என்று இவர் சீண்டியதும், ‘அன்பு இருக்கிறவங்க படிச்சா இருக்குன்னு தெரியும்’ என்று அவள் முகத்திலடித்தாற்போல் சொன்னதும் அவ்வீட்டின் பழங்கதை. அவள் எழுத்தின் சாய்வையெல்லாம் திருடிய கை, பிழையைத் திருட மறந்துவிட்டது.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டார். “உயிரோடதான் இருக்கா கண்ணு. வலது கை விழுந்துடுச்சு. பேச்சும் குழறுது. அதான் நானே...”

“சரியாயிடுமா?”

“தெரியலம்மா.”

அவள் மடியிலிருந்து எழுந்து, தொட்டிக்குள் கிடந்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “அம்மாவே எழுதினா போடுங்க. இல்லேன்னா காலியாவே இருக்கட்டும்.”

மூன்று நாள் பெட்டி காலியாக இருந்தது. சின்னவள் கைவிட்டுத் துழாவிவிட்டு, தபால்காரருக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். அவர் நாள்தோறும் மருத்துவமனையில் மனைவியின் இடக்கையில் பேனாவைச் செருகினார். அது நழுவி விழுந்தது. நான்காம் நாள் விழவில்லை. பார்வை நேரம் முழுதும் செலவாகி ஒரே வரி பிறந்தது. வெளியே வந்தபோது, அதிகம் நம்பிவிட வேண்டாம் என்றார் மருத்துவர்.

மறுநாள் விடிந்ததும், பிள்ளைகள் எழுமுன், அத்தாளைப் பிரித்தார். பழக்கத்தில் சிவப்புப் பேனா கைக்கு வந்து மூடியும் திறந்துவிட்டது. அதை மறுபடி மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். தாளை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டு பெட்டிக்குள் இட்டு, அந்த அட்டைப் பெட்டியின் முன் கைகூப்பி நின்றார்.

எறும்பு ஊர்ந்ததுபோல் அதில் எழுதியிருந்தது:

அன்புல்ல பெரிய கண்ணு, சின்ன கண்ணு, நள்ளா இருங்க.