வேட்டியில் வடிகட்டிய நீலம்

கல்வராயன் மலைக் கடுக்காயிலிருந்து வெளிச்சம் எடுக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் சிரிப்பார்கள். ஆனால் என் ஆராய்ச்சியே அதுதான். கடுக்காய்த் தோலை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, எஃகுக் குடுவையில் இறுக மூடி, ஓவனில் ஆறு மணி நேரம் வைப்பேன். கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள் தண்ணீரில் மிதக்கும். யூவி என்னும் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பழுப்புத் தண்ணீர் நீலமாக ஒளிரும். அந்தத் துகள்களுக்குப் பெயர் கார்பன் புள்ளிகள்.

கூடவே கட்டி கட்டியாகக் கரியும் தங்கும். அதைத் துணியில் வடிகட்ட வேண்டும். அதற்கு அம்மா ராஜாம்பாள் அப்பாவின் வேட்டியைக் கிழித்துத் தந்தாள். ஓட்டுப் போடவும் கல்யாணத்துக்குப் போகவும் மட்டும் அப்பா கட்டிய வேட்டி. அவர் போன பிறகு, யாருக்கும் தராமல் அவள் ஒளித்து வைத்திருந்தது. சனிக்கிழமை நான் கறுத்த துண்டுகளைக் கல்லூரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். திங்கள் காலை அவை வெள்ளை வெளேரென்று என் பையில் இருக்கும்.

"அந்த மனுசன் வேட்டியில வடிச்சா வெளிச்சம் வராம எங்க போவும்" என்பாள். நான் சிரித்துவிட்டு, வெளிச்சம் கரியிலிருந்து வருகிறது என்று பாடம் நடத்துவேன். படித்த திமிர்.

மூன்றாம் வருடம் நீலம் திடீரென்று கூடியது. கட்டுரை வெளிவந்தது. வழிகாட்டி தனசேகரன் சார் போகிற இடமெல்லாம் என் பெயரைச் சொன்னார். ஐந்தாம் வருடம், ஆய்வேட்டைக் கட்டிக் கொடுப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஏஞ்சலின் என் முறையைச் செய்து பார்த்தாள். வேட்டிக்குப் பதில் வடிதாள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் மங்கலாக வந்தது. கவனமில்லை, கை சுத்தமில்லை என்று எல்லார் முன்னாலும் அவளைக் கிழித்தேன். அவள் மூன்று முறை திரும்பச் செய்தாள். பிறகு பயந்துகொண்டே, "அக்கா, துணி ஒண்ணுதான் வேற" என்றாள்.

அவள் வாயை அடைக்கத்தான் அம்மா துவைத்துத் தந்திருந்த புதுத் துண்டு ஒன்றை எடுத்தேன். கடுக்காயே படாத துண்டு. விளக்கின் கீழ் வைத்தேன். என் நீலம் அப்படியே அதில் இருந்தது. அதை வெறும் தண்ணீரில் ஊறவைத்தேன். தண்ணீரும் ஒளிர்ந்தது.

துணியை வெள்ளையாகக் காட்டச் சோப்புத்தூளில் ஒளிரும் பொருள் ஒன்றைச் சேர்ப்பார்கள். நான் அளந்ததும் வரைந்ததும் பெரும்பாலும் அதைத்தான். வெறும் துணியை முதல் நாளே சோதித்திருக்க வேண்டும். செய்யாதது நான்தான், வேறு யாருமில்லை. ஏஞ்சலினிடம் மன்னிப்புக் கேட்டேன். சார் திட்டவில்லை. "கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "துணிக்கு இன்னா சோப்பும்மா போடுற?"

"கட்டி சோப்புல கறை போவல. ரெண்டு மூணு வருசமா பவுடருதான். ஏண்டி?"

கொடியில் அவள் புடவை மங்கிப்போய்த் தொங்கியது. "அப்ப உன் பொடவைக்கு?"

"களையெடுக்கப் போற பொடவைக்கு எதுக்குடி பவுடரு? அது காலேஜுக்குப் போற துணி."

சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் பையில் இருந்தது. அம்மா உள்ளே போய் வேட்டியின் கடைசித் துண்டை எடுத்து வந்தாள். பச்சைக் கரை போட்ட பக்கம்.

"இத கிழிக்க மனசு வராம வெச்சிக்கினு இருந்தேன். உனுக்குப் படிப்புதான் முடியப்போவுதே, எடுத்துக்க. வெளிச்சம் நல்லா வருதா?"

பையைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். "நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன். "அந்த வெளிச்சம் அப்பா வேட்டியிலேர்ந்துதான் வந்துது."

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அப்பா இறந்த பிறகு நான் பார்த்ததில்லை. "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வேட்டித் துண்டை நனைத்தாள். பவுடரை ஒரு கை போட்டாள். கொஞ்சம் யோசித்து, இன்னொரு கை போட்டாள்.